மேட்டூரிலிருந்து காரைக்காலுக்கு ஒரு மனு

காவிரியில் தனியாகத் துடுப்புப் போட்டு மேட்டூரிலிருந்து கடல் வரைக்கும் போவது என்று என் நாற்பத்தாறாவது வயதில் தீர்மானித்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஆசை என்று சொன்னேன். ஆசையாவது மண்ணாவது. அருவருப்புதான் காரணம்.

நான் புதுச்சேரி அரசாங்கத்தில் கிளார்க். எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. எங்கள் செக்‌ஷனில் எனக்குக் கொடுத்திருந்த நாற்காலிக்கு மிசலேனியஸ் சீட் என்று பெயர். வேறு எந்தச் சீட்டிலும் சேராத மனுவெல்லாம் குப்பைத் தொட்டியில் விழுவதுபோல என் மேசையில் வந்து விழும். தன் வீட்டுக் கொல்லையில் புயலுக்குச் சாய்ந்துவிட்ட தென்னை மரத்தை வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். மரம் ஏற்கெனவே விழுந்துவிட்டது ஐயா, எடுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே! அந்தக் கோப்பு ஏழு மாதம் ஓடியது. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த ஒரு சொல்தாவின் பென்ஷனை வாங்கும் விதவை, பிரெஞ்சுக் காகிதத்தில் இருக்கும் பெயரும் ரேஷன் அட்டையில் இருக்கும் பெயரும் தன்னுடையவைதான் என்று சான்றிதழ் கேட்டு நடையாய் நடந்தார். இந்தக் கிழவியும் அந்தக் கிழவியும் ஒரே கிழவிதான் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை; 'உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதத்தான் அதிகாரம்.

ஊர்ப் பெயரை மாற்றிய பிறகு இன்னொரு கர்மம் வந்து சேர்ந்தது. பழைய லெட்டர்ஹெட் தாள்கள் கட்டுக்கட்டாக மிச்சமிருந்தன. அவற்றில் 'பாண்டிச்சேரி' என்பதை அடித்து, மேலே 'புதுச்சேரி' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும். அந்த ஊதா மை விரல் இடுக்கில் ஏறிக்கொண்டு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. மதியம் தயிர்சாதம் பிசையும்போது சோற்றில் ஊதா வரும். தூ! ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் இந்தக் கை என்ன செய்தது? அடுத்தவன் மனுவை இன்னொருவன் கையெழுத்துக்கு நகர்த்தியது. என் வாழ்நாளில் ஒரே ஒரு காரியமாவது எவன் கையெழுத்தும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அது காவிரியாக ஆனதற்குக் காரணம் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாரீசுக்கு வெளியே ஏதோ ஒரு ஊரில் இருக்கிறார். வருடா வருடம் வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, வருவார். வந்தால் எங்கள் வீட்டு விசிறி சத்தம் போடுகிறது, எங்கள் ஊர் ரொட்டி முன்னைப்போல இல்லை, தெருவில் நாய் அதிகம் என்று ஒரு மாதம் குறை சொல்லிவிட்டுப் போவார். அந்த முறை ஆல்பம் ஒன்று கொண்டுவந்திருந்தார். தொந்தியும் அவருமாக ஒரு மஞ்சள் கயாக் படகில் உட்கார்ந்து, கண்ணாடி மாதிரி தெளிந்த ஆற்றில் துடுப்புப் போடும் படங்கள்.

"மூணு நாள் மாப்ளே! நானும் ஆறும்தான். ஒரு பய கூட இல்ல" என்றார்.

"நம்ம ஊர்லயும் ஆறு இருக்கு" என்றேன் நான்.

"இருக்கு, இருக்கு. பேப்பர் தள்ற கைக்கு அதெல்லாம் ஆவாது மாப்ளே. விடு."

வந்ததே கோபம்! அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், மேட்டூரிலிருந்து காரைக்கால் வரைக்கும் தனியாகப் போகிறேன் என்று. அவர் சிரித்தார். ஆனால் மனுஷனைக் குறை சொல்லக் கூடாது. அந்த டிசம்பரில் ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரர் மூலமாக இரண்டாகக் கழற்றி மாட்டும் அலுமினியத் துடுப்பு ஒன்றும் சிவப்பு லைஃப் ஜாக்கெட் ஒன்றும் அனுப்பி வைத்தார். கூடவே போனில், "காரைக்கால் பீச்சுல நான் வந்து நிக்கறேன் மாப்ளே, போத்தலோட" என்றார்.

ஏன் காரைக்கால் என்று கேட்கலாம். காவிரி பூம்புகாரில் போய்க் கடலில் விழுகிறது. எவனும் அங்கேதான் போவான். எனக்குப் பிடிவாதம், நம்ம ஊரில் முடிக்க வேண்டும் என்று. காரைக்கால் இங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் தமிழ்நாடாக இருந்தாலும் அது எங்கள் அரசாங்கத்து மண். பாபநாசத்துக்குப் பக்கத்தில் காவிரியிலிருந்து பிரிகிற அரசலாறு காரைக்காலில்தான் கடலைத் தொடுகிறது. ஆகவே மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, பிறகு அரசலாறு, பிறகு காரைக்கால். புதுச்சேரிக்காரன் புதுச்சேரி மண்ணில் கரை ஏறுவான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது இந்த இடத்தில்தான். அப்போது அது தெரியவில்லை.

என் மனைவி நர்சரிப் பள்ளி டீச்சர். குழந்தைகளோடு கத்திக் கத்தி வீட்டில் குறைவாகத்தான் பேசுவாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காயவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வர்ற ஆடியில போயிட்டு வந்துடுங்க. அதுக்கு அடுத்த வருசம் பொண்ணு பன்னெண்டாவது. அப்புறம் காலேஜு, கல்யாணம்னு வரிசையா நிக்கும். போறதுன்னா இதான். இதோட சரி."

ஒரே ஒரு ஆடி. அதை விட்டால் இல்லை. நானும் ஒப்புக்கொண்டேன்.

மகளின் பள்ளிக்கூட அட்லஸ் மேசைக்கு வந்தது. எந்த ஊரில் படுப்பது, எந்தக் கதவணையில் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது, எந்தக் கோயில் படித்துறையில் குளிப்பது என்று இருபது நாளுக்குத் திட்டம் போட்டேன். ஆபீஸில் இத்தனை அக்கறையாக ஒரு நாள் வேலை செய்திருந்தால் எனக்கு எப்போதோ பதவி உயர்வு வந்திருக்கும். என் மனைவி தையல் மிஷினில் ரெக்ஸின் துணியை வெட்டி, தண்ணீர் புகாத பைகள் தைத்தாள். ஒன்று அவலுக்கு, ஒன்று தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும், ஒன்று மாத்திரைகளுக்கு. தைத்தவற்றைக் குழாயடியில் முக்கிப் பார்த்தாள். ஒன்று கசிந்தது. பிரித்து மறுபடி தைத்தாள்.

சித்திரையில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு, ஆற்றை ஒரு முறை கரையிலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். போகாமலே இருந்திருக்கலாம். பள்ளிபாளையம் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால், கரையோரமாக ஒரு ஓடை கறுப்பாக இறங்குகிறது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று ரத்தச் சிவப்பாக. சாயத் தண்ணீர். இரண்டும் ஆற்றில் சேரும் இடத்தில் நுரை. அந்த நுரைக்குப் பக்கத்திலேயே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கும்பகோணத்துக்கு வந்தால் ஆறே இல்லை. மணல் மட்டும். அதையும் லாரி லாரியாக அள்ளிப் போய், பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆறு என்றால் கக்கூஸ் என்று நம் ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, பூமாலை, சாமி படம், பாட்டில், பிராய்லர் கோழிக் குடல், எல்லாம் ஒரே இடத்தில். வாயைத் திறந்தால் தாயே என்கிறோம், அம்மா என்கிறோம், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறோம். திரும்பி நின்று அதே அம்மா தலையில் மலம் கழிக்கிறோம். சீ! எந்த நாட்டிலாவது இப்படி ஒரு பிறவி உண்டா? ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "தண்ணி வந்தா எல்லாத்தையும் அடிச்சிக்கிட்டுப் போயிடுங்க" என்றார். அடித்துக்கொண்டு எங்கே போகும்? எங்கள் காரைக்காலுக்குத்தான் வரும்.

இத்தனைக்கும் அந்தப் பயணத்தில் என் வைராக்கியம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. அந்தச் சாக்கடைக்கு நடுவிலும் தண்ணீர் வரும்போது ஒரு முறை நான் மட்டும் போய்விட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

படகுக்காகப் பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு செய்கிறவர்கள் கடற்கரை முழுக்க முளைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் ரெசின் பசை காய்ந்து செதில் செதிலாக நிற்கும். மச்சான் தந்துவிட்டுப் போயிருந்த படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உக்காந்துக்கிட்டா போவாங்க? எங்க ஊரு கட்டுமரத்துல நின்னுக்கிட்டுப் போவோம். இது குழந்தைங்க தொட்டி மாதிரி இருக்கு சார்" என்றார். ஆனால் செய்து கொடுத்துவிட்டார். பதினொரு அடி, நீலப் பெயிண்ட். செய்த பிறகு ஒரு கேள்வி கேட்டார், மற்ற எவனும் கேட்காத கேள்வி: "கவுந்தா என்னா சார் பண்ணுவீங்க?"

"லைஃப் ஜாக்கெட் இருக்கு. நீச்சலும் தெரியும்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"கெணத்துல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் படகை ட்ரைசைக்கிளில் ஏற்றி, என்னை அரியாங்குப்பம் ஆற்றுக்கு அழைத்துப் போனார். முகத்துவாரத்துக்கு உள்ளே தண்ணீர் சாதுவாக இருக்கும், பழகிக்கொள்ளலாம் என்றார்.

சாதுவாகத்தான் இருந்தது. நாற்றம்தான் சாதுவாக இல்லை. எங்கள் ஊர் கழித்ததெல்லாம் ஏதோ ஒரு வாய்க்கால் வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்தது. முதல் அரை மணி நேரம் நான் ராஜா. துடுப்பு வலதும் இடதுமாக விழ, படகு போகிறது, ஆகா போகிறது! மச்சான் இப்போது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு திரும்பிக் கரையில் நிற்பவருக்குக் கை காட்டினேன். அவ்வளவுதான், கவிழ்ந்தது.

ஆழம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் கீழே எவனோ அறுத்துப் போட்ட வலை கிடந்து, என் வலது காலைப் பிடித்துக்கொண்டது. ஜாக்கெட் மேலே இழுக்கிறது, வலை கீழே இழுக்கிறது. கண்ணைத் திறந்தால் பழுப்பு. வாயைத் திறந்துவிட்டேன். உள்ளே போனதை இன்றைக்கும் நாக்கு மறக்கவில்லை. எத்தனை நொடி என்று தெரியாது. அவர் நீந்தி வந்து வலையைக் கத்தியால் அறுத்து, சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். உதட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் கோழி இறகு. வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்த பிறகும் எடுத்தேன்.

"பயந்துட்டீங்களா சார்?"

"பயமா? நாத்தம்யா! நாத்தம் தாங்கல" என்றேன்.

படகு கவிழ்ந்ததை வீட்டில் சொல்லவில்லை. சட்டையைச் சேறு என்று சொல்லித் துவைக்கப் போட்டேன். அன்று முதல் சாப்பிட உட்கார்ந்தால், படுத்தால், பஸ்ஸில் போனால், காலை எதுவோ பிடிப்பதுபோல இருந்தது. அதற்குப் பெயர் பயம் என்று தெரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவையில்லை.

அடுத்த வாரம் நான் செய்த காரியத்தைப் பாருங்கள். அனுமதி கேட்டு மனு எழுதினேன்.

யாரும் கேட்கச் சொல்லவில்லை. ஆற்றில் போக எவனும் எவனிடமும் அனுமதி வாங்குவதில்லை. பரிசல்காரன் வாங்குகிறானா? மணல் அள்ளுகிறவன் வாங்குகிறானா? எங்கள் சூப்ரண்டென்டே தலையில் அடித்துக்கொண்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனுஷர், எதிலும் அவசரப்படாதவர்.

"என்னய்யா இது? லீவு கேட்ட, குடுத்தாச்சி. பேசாம போயிட்டு வா. ஆத்துல போறதுக்கெல்லாம் எதுக்குய்யா எழுதற?"

"காரைக்கால் நம்ம எல்லை சார். கடைசி பத்துக் கிலோமீட்டர் நம்ம ஜூரிஸ்டிக்‌ஷன். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா?"

"எவன்யா கேக்கப் போறான்?"

"கேட்டா?"

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று முனகிக்கொண்டே மனுவை மேலே அனுப்பினார்.

அடுத்தவன் விழுந்த தென்னைக்கு அனுமதி கேட்டபோது அவனை முட்டாள் என்று திட்டியவன் நான். இப்போது வேலியில் போன ஓணானை எடுத்து நானே வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். அதுவும் மூன்று பிரதிகளில், ஊதா ஸ்டாம்ப் குத்திய தாளில், இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று. சொன்னால் வெட்கக்கேடு, அதை டைப் அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆற்றில் தெரியாத வேலை, இது தெரிந்த வேலை.

மனு மாடி ஏறியது, இறங்கியது, எதிர்க் கட்டடத்துக்குப் போனது. கேள்விகள் வந்தன. படகின் பதிவு எண் என்ன? பதிவு செய்ய வேண்டிய அளவுள்ள படகு அல்ல என்று பதில் போட்டேன். உடன் செல்பவர்களின் பெயரும் முகவரியும் என்ன? தனியாகச் செல்வதால் உடன் செல்பவர் இல்லை. தனியாகச் செல்வதற்கான காரணம் கூறுக. நான் என்ன எழுதுவது? உங்கள் மூஞ்சிகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றா? 'சொந்த விருப்பம்' என்று எழுதினேன். சொந்த விருப்பம் என்பதற்கு ஆதார ஆவணம் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. அந்த வரியை எழுதியவன் எவன் என்று கண்டுபிடித்து அவன் டிபன் பாக்ஸில் அரியாங்குப்பம் ஆற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும்போல இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வரிகளை இருபத்திரண்டு வருடமாக நானும் எழுதியிருக்கிறேன். அதே நடை. அதே கமா.

ஆடி பிறந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வந்தது. மகள் அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. என் லீவு அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம். பிள்ளைச்சாவடிக்காரர் படகை மேட்டூருக்கு ஏற்றிப் போக ஒரு மினி லாரியைப் பேசி வைத்திருந்தார். ரெக்ஸின் பைகள் வாயைக் கட்டித் தயாராக ஹாலில் சுவரோரம் இருந்தன. போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி அவற்றைக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

வியாழக்கிழமை, சுற்றிச் சுற்றி அந்தக் கோப்பு எங்கள் செக்‌ஷனுக்கே வந்து சேர்ந்தது. எந்தத் துறைக்கும் சம்பந்தமில்லாத மனு, ஆகவே உரிய நடவடிக்கைக்காக மிசலேனியஸ். என் மேசைக்கு.

சூப்ரண்டென்டு சிரித்துவிட்டார். "சுத்தி வளைச்சி ஒங்கிட்டயே வந்துட்டான் பாரு! உன் பேப்பரு, நீயே நோட் போடு. 'அனுமதி எதுவும் தேவையில்லை'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடறேன். திங்கக்கெழம கெளம்பு. ஒழிஞ்சி போ" என்றார் அன்பாக.

ஒரு வரி. பேனாவைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே எவனோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை. நோட் ஷீட்டில் எண் போட்டேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'மனுதாரரின் கோரிக்கைக்கு நடைமுறை விதிகளில் இடமில்லை. முன்னுதாரணமும் இல்லை. மனுதாரரின் பாதுகாப்பைக் கருதி நிராகரிக்கலாம். உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.'

பழக்க தோஷம், கை தானாக எழுதிவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பொய். ஒவ்வொரு எழுத்தையும் அறிந்தே எழுதினேன். 'பாதுகாப்பைக் கருதி' என்பதை எழுதும்போது வலது கால் கூசியது.

சூப்ரண்டென்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதையாய்யா எழுதின?"

"விதியில எடமில்ல சார்."

"எந்த விதியில?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். இருபத்திரண்டு வருடம் என்னைப் பார்த்தவர். அதற்கு மேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

வெளியே போய் டீ குடித்தேன். இரண்டு போண்டா தின்றேன். சட்னி அன்றைக்கு நன்றாக இருந்தது. மூன்றாவதும் கேட்டு வாங்கினேன். கால் லேசாகிவிட்டது, வயிறு லேசாகிவிட்டது, அப்படி ஒரு நிம்மதி. பள்ளிபாளையத்து நுரையை விட, கும்பகோணத்துப் படித்துறையை விட, உதட்டில் ஒட்டிய இறகை விட எனக்கு அருவருப்பானது அந்த நிம்மதிதான். எண்ணெய்க் கையைத் தினத்தாளில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, உத்தரவை டைப் அடித்து, டெஸ்பாட்ச் ஆள் லீவு என்பதால் கவரில் என் வீட்டு முகவரியை நானே எழுதி, ஸ்டாம்ப் குத்தித் தபாலில் சேர்த்தேன்.

வீட்டில் சொன்னேன், அரசாங்கம் அனுமதி தரவில்லை என்று. "அனுமதி இல்லாம போனா வேலைக்கு ஆபத்து" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அதுவரை அதிகம் பேசாத என் மனைவி அன்று பேசினாள். "எந்தக் கட்டையில போறவன் எழுதினான் அத? ஆத்துல ஒரு மனுசன் போனா அவன் அப்பன் வீட்டுச் சொத்து கரைஞ்சிடுமா? அவன் கை விளங்குமா?" என்று ஆரம்பித்தாள். இருபது வருடத்தில் அவள் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. மகள் ஃப்ரிட்ஜில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து அழுதாள். மச்சான் போனில், "கொஷோன்! கொஷோன் பசங்க மாப்ளே!" என்று அங்கிருந்து கத்தினார், பிரெஞ்சில் அதற்குப் பன்றி என்று பொருள். மினி லாரியை வேண்டாம் என்று சொல்லப் போனபோது பிள்ளைச்சாவடிக்காரர் மட்டும் யாரையும் திட்டவில்லை. "சரி சார்" என்றார். என் காலைப் பார்த்தார்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாளும் அவள் விடவில்லை. தோசை ஊற்றும்போது திட்டினாள், தலை சீவும்போது திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பண்றது, அப்படித்தான் அவனுங்க" என்று ஒத்து ஊதினேன்.

செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. லீவில்தான் இருந்தேன், ரத்து செய்யப் போகவில்லை. கவரை அவள்தான் வாங்கினாள். முகவரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தினமும் முப்பது குழந்தைகளின் எழுத்தைத் திருத்துகிறவளுக்கு ஒரு கையெழுத்தை அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகும்?

"இது நீங்க எழுதின அட்ரஸ்."

"டெஸ்பாட்ச் ஆள் லீவு. அதான்."

பிரித்துப் படித்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மடித்தாள். "உள்ள இருக்கறதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

நான் என் ஊதா விரல்களை வேட்டியில் துடைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "நாலு நாளா திட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துலதான உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை. "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, வேணாம்னு நானே சொல்லியிருப்பேன். எங்கிட்ட ஒரு மனு போட்டிருக்கலாம்."

பிறகு ஹாலுக்குப் போய், சுவரோரம் இருந்த பைகளின் வாயைக் கட்டியிருந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தீப்பெட்டிகள் அடுப்பு மேடைக்குப் போயின. மாத்திரைகள் அலமாரிக்குப் போயின. அவலை டப்பாவில் கொட்டினாள். ஒரு மணி கூட நமத்துப் போயிருக்கவில்லை, அத்தனை நன்றாகத் தைத்திருந்தாள். அரசலாற்றில் தண்ணீர் காரைக்கால் வரைக்கும் போய்விட்டதாக அன்றைய பேப்பரில் இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் காலையில் அவல் உப்புமா. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். நான் ஊதா விரல்களால் பிசைந்து தின்றேன்.